தோப்பூர் ஏற்றமும் சிவப்பு டேப்பும்

நாமக்கல்,
செவ்வாய் இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். காகிதம் என்றால் பானெட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

தோப்பூர் ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இல்லை, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தே தர்மபுரி போய்ச் சேர்ந்தாய் என்று அம்மா சொன்னாள். அதுவும் ராத்திரி பத்து மணிக்கு, தனியாக. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். பொங்கலுக்கும் கிடைக்கவில்லை. சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போ போய்விட்டது, மாற்ற 48,000 ரூபாய் ஆகும் என்று அங்கே பட்டறையில் சொன்னார்களாமே, பணம் கட்டிவிடாதே. ஸ்கேனரில் வந்த பி0299 என்ற கோளாறு நம்பரைப் படம் எடுத்து அனுப்பினாயே, நம்ம பட்டறைப் பையன்களுக்கே அந்த யோசனை வராது. கேட்ட அளவுக்குக் காற்றழுத்தம் ஏறவில்லை, அவ்வளவுதான் அந்த நம்பருக்கு அர்த்தம். ஏன் ஏறவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும். டர்போ அழுத்துகிற காற்று வழியில் ஒழுகினாலும் அதே நம்பர்தான் வரும். அளந்த காற்றுக்குத் தக்கபடி டீசல் இறங்கும், காற்று பாதி வெளியே போயிருக்கும், மீதி டீசல் கரும்புகையாகும். மிதித்தால் விசிலும் "புஸ்" என்ற சத்தமும் வருகிறது, பின்னால் கரும்புகை என்று நீ சொன்னதெல்லாம் அதோடு பொருந்துகிறது. வண்டி நின்றபடி மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது டர்போவில் அழுத்தம் அவ்வளவாக இருக்காது. பட்டறையில் நிறுத்திவைத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனது அதனால்தான். ஏற்றத்தில் பாரம் விழும்போதுதான் குழாயில் இருக்கும் வெடிப்பு வாயைத் திறக்கும்.

நீலப்புகை வந்தால் மட்டும் கதை வேறு. டர்போ சீல் வழியாக ஆயில் இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கலாம், ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. சாவியை அணைத்தாலும் அந்த ஆயிலைக் குடித்துக்கொண்டே இன்ஜின் ஓடக்கூடும். ஆயில் அளவு பார். டர்போவுக்குள் இருக்கும் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான். மேடு ஏறி வந்து நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவையும் நீ ஏற்றி முடித்த அன்றைக்கே சொன்னேன். அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குச் சொன்னதே இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம்கூட உனக்குப் பொறுமை கிடையாது. ஆயில் பார் கண்ணு.

டர்போவிலிருந்து, காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ்தான் முக்கியம். இன்ஜின் ஆறின பிறகு வளைவின் அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவு. ஆயிலும் தூசியும் சேர்ந்து கறுப்பாக, பசை மாதிரி கையில் ஒட்டும் இடம்தான் ஒழுகும் இடம். யாராவது ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தத்தை வைத்தும் பிடிக்கலாம். மாப்பிள்ளை இருந்தால் மிதிக்கச் சொல். இல்லையென்றால் வாட்ச்மேனைக் கூப்பிடு. துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொள், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது.

அங்கே சிவப்பு டேப் சுற்றியிருக்கும். சுற்றியது நான்தான்.

தீபாவளிக்கு வந்தபோது விசில் மாதிரி கேட்கிறது என்றாய். அடுத்த நாள் நீ எழுமுன் திறந்து பார்த்தேன். அரை விரல் நீளத்துக்கு வெடிப்பு. கடையெல்லாம் பூட்டியிருந்தது. ஐந்து சுற்றுச் சுற்றி, கிளாம்பைப் போட்டு இறுக்கிவிட்டு, ஒன்றுமில்லை போ என்று அனுப்பினேன். ஆயிலும் சூடும் சேர்ந்தால் டேப் நிற்காது என்று எனக்குத் தெரியாதா? பொங்கலுக்குள் புது ஹோஸ் வாங்குவதாக இருந்தேன். மறந்துவிட்டேன். 38 வருஷத்தில் ஒரு லாரி டிரைவரைக்கூட டேப் சுற்றி மலையேற அனுப்பினதில்லை கண்ணு. பெற்ற பெண்ணை அனுப்பியிருக்கிறேன்.

அதற்கு முந்தின ராத்திரி திண்ணையில் நீ வேறு ஏதோ சொல்ல வந்தாய். "அப்பா, அங்கே எனக்கு..." என்று ஆரம்பித்தாய். நான் டார்ச்சைத் துடைத்துக்கொண்டே, "அனுசரிச்சுப் போ கண்ணு, போகப் போகச் சரியாயிடும்" என்றேன். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். என்ன சொல்ல வந்தாய் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அம்மா கேட்கச் சொல்லி நச்சரித்தும் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம் எனக்கு.

புது ஹோஸும் இரண்டு கிளாம்பும் வாங்கிப் பையில் வைத்துவிட்டேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். மாட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு நாள் பூராவும் எனக்கு வேலை இல்லை. அதுவரை வண்டியை எடுக்காதே. ஆயில் அளவை மட்டும் பார்த்து வை.

அப்பா