ஸ்டூல் செய்யும் பட்டறைக்காரர்களுக்கு

கோவை, திருப்பூர் பக்கம் தையல் மிஷின் ஸ்டாண்டும் ஸ்டூலும் செய்து கொடுக்கும் பட்டறை அண்ணன்மார்களுக்கு, வணக்கமுங்க.

நான் பனியன் கம்பெனியில் மிஷின் மெக்கானிக். நீங்கள் அனுப்பும் ஸ்டாண்டைப் பூட்டுகிற ஆள். டேபிள் காலில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க நீள ஓட்டை விட்டு போல்ட் வைத்திருக்கிறீர்கள். பெடல் கம்பியையும் நீட்டிக் குறைக்கலாம். சரி, ஆனால் அதைச் செய்ய ஸ்பேனர் வேண்டும், டேபிளைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும், தையல் லைனையே நிறுத்த வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கடியில் எந்த சூப்பர்வைசர் விடுவார்? முதல் நாள் முடுக்கிய உயரம்தான் கடைசிவரைக்கும்.

அந்த ஒரே மிஷினில் ஒரு நாள் குட்டையான அக்கா உட்காருவார், மறுநாள் பீகாரிலிருந்து வந்த நெட்டைத் தம்பி உட்காருவான். அக்காவுக்குப் பெடல் எட்டாது. ஸ்டூல் விளிம்புக்கு நகர்ந்து, தொடையை அது அழுத்த அழுத்தத் தைப்பார். தம்பி கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தைப்பான். சிலர் கட்டிங் வேஸ்டை மூட்டை கட்டிப் போட்டு ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

சராசரி ஆளுக்குத்தானே செய்கிறோம் என்பீர்கள். 1950-ல் அமெரிக்க விமானப் படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் அதில் பத்து அளவுகளை வைத்துப் பார்த்தார். பத்திலும் சராசரிக்குள் அடங்கிய விமானி ஒருவர்கூட இல்லை. ஸ்மாலையும் டபுள் எக்ஸ்எல்லையும் தனித்தனியாக வெட்டித் தைக்கிற ஊருக்கு இதை நான் சொல்லவே வேண்டியதில்லைதான்.

கேட்பது இவ்வளவுதான்: உட்காருகிற ஆளே, ஸ்பேனர் இல்லாமல், மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். சுற்றினால் ஏறி இறங்கும் திருகு ஸ்டூல் போதும். பம்ப்செட் செய்கிற ஊரில் மரை போடுவது ஒரு வேலையா? தைக்கும்போது சுழலாமல் இருக்க ஒரு லாக் வையுங்கள். சக்கரம் மட்டும் வேண்டாம். பெடலை மிதித்தால் பின்னால் ஓடும், பஞ்சும் நூலும் சுற்றிக்கொண்டு அதுவும் ஒருநாள் நின்றுபோகும். ஸ்டூலை மட்டும் ஏற்றினால் கால் அந்தரத்தில் நிற்கும். அதனால் பெடலையும் கூடவே உயர்த்த வழி செய்யுங்கள். கையால் திருகுகிற விங் நட் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

சாம்பிள் கொண்டுவந்தால் முதலாளி ரூமில் காட்டாதீர்கள். லைனில் இருப்பதிலேயே குட்டையான ஆளையும் நெட்டையான ஆளையும் மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். நீங்கள் கை வைக்காமல் அவர்களே உயரத்தைச் சரிசெய்துகொண்டால், அப்புறம் விலை பேசலாமுங்க.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக், திருப்பூர்