என் ரோல்பேக் வண்டிக்கும் ஓன் போர்டு தாருங்கள்

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், ஐதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தாருக்கும்,

வணக்கம். நான் கோயம்புத்தூர்க்காரன். லாரித் தொழிலும் இல்லை, டோயிங் கம்பெனியும் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு பழைய ரேஸ் காரும், அதை ஏற்றிப்போக செகண்ட் ஹேண்டில் வாங்கிய, மொத்த எடை ஏழு டன்னுக்குள் வரும் ஒரு ரோல்பேக் வண்டியும்தான். ரேஸ் காருக்கு நம்பர் கிடையாது, ரோட்டில் ஓட்ட முடியாது. செட்டிபாளையத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ இருக்கும் ரேஸ் டிராக்குக்குப் போக வேண்டுமென்றால் வண்டியின் தளத்தைப் பின்னால் நகர்த்திச் சாய்த்து, கம்பியைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சின் கொக்கியைக் காரின் முன்வளையத்தில் மாட்டி மெதுவாக இழுத்து ஏற்றி, நான்கு டயரையும் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி எடுத்துப் போக வேண்டும். வாடகைக்கு ஒரு சைக்கிளைக்கூட இதில் ஏற்றியதில்லை.

ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றப் போனபோது கவுன்டரில் கேட்ட முதல் கேள்வி, "கம்பெனி பேர் என்ன?" கம்பெனி இல்லை, சொந்த உபயோகம் என்றதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருடைய கம்ப்யூட்டரில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு ஏற்றுவதற்கென்றே கட்டிய வண்டி போக்குவரத்து வாகனம், ஏற்றுகிற பொருள் யாருடையது என்று அது பார்ப்பதில்லை. அதனால் மஞ்சள் போர்டு, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, காலாண்டு வரி, அப்புறம் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட். இதற்கு முன்பு இருந்த 1939 சட்டத்தில் சொந்தச் சரக்குக்கு பிரைவேட் கேரியர், வாடகைக்கு பப்ளிக் கேரியர் என்று இரண்டு வகை இருந்தது. அந்தக் காலத்து லாரிகளின் நெற்றியில் பப்ளிக் கேரியர் என்று எழுதியிருந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். புதுச் சட்டம் அந்த வித்தியாசத்தைத் துடைத்துவிட்டது.

சரி, சொந்த உபயோகம் என்பதே சட்டத்துக்குத் தெரியாத சங்கதியா என்றால் அதுவும் இல்லை. 2004 நவம்பரில் மத்திய அரசு போட்ட வாகன வகைப் பட்டியலில் சொந்த உபயோகத்துக்கான மூன்று சக்கர வண்டிக்கு இடம் இருக்கிறது, சொந்தக் கேம்பர் வேனுக்கு இருக்கிறது, டோயிங், ரெக்கவரி வண்டிகள்கூட போக்குவரத்து அல்லாத வகையில்தான் வருகின்றன. சரக்கு வண்டிக்கு மட்டும் இல்லை. என்னுடையதும் ரெக்கவரி வண்டியாகக் கட்டியதுதானே என்று கேட்டால், பழுதான வண்டியையா ஏற்றுகிறாய் என்கிறார்கள். இத்தனைக்கும், இசுஸு வி-கிராஸ் மாதிரி நான்கு கதவு பிக்கப் வாங்கினால் சொந்த வண்டிக்கான வெள்ளை போர்டு, அதாவது ஓன் போர்டு, கிடைத்துவிடுகிறது. பின்னால் ஒரு வரிசை சீட் இருப்பதால் அது சரக்குக்கு மட்டுமான வண்டி இல்லையாம்.

இனி காப்பீட்டு ஆணையத்தாருக்கு. 2022 ஜூன் முதல் அமலான கட்டணப்படி 7,500 கிலோ வரையிலான வாடகைச் சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 16,049 ரூபாய். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட சொந்தக் காருக்கு 7,897 ரூபாய். நாள் முழுக்க ஓடும் வாடகை வண்டிக்கு அந்தப் பணம் நியாயம், ஓட்டமும் விபத்தும் அதிகம். மாதத்தில் பாதி நாள் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கும் அதே கணக்கா? வண்டிக் காப்பீட்டுக்கான 2002 மோட்டார் டாரிஃப் கட்டண விதிகளில் சட்டம் மறந்துபோன பிரைவேட் கேரியர் தனி வகுப்பாகவே இருக்கிறது, சொந்தப் பொருளை மட்டும் ஏற்றும் வண்டிக்கு. ஆனால் நான் கேட்ட ஏஜென்ட்டுகளில் ஒருவர்கூட அதைப் பற்றித் தானாக வாய் திறக்கவில்லை. ஒருவர் மட்டும், ரேஸ் என்றால் பாலிசியே கிடைக்காது சார் என்றார். ரேஸ் ஓட்டுவது மேலே நிற்கிற கார், கீழே இருக்கிற வண்டி இல்லை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

சலுகை கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எஃப்.சி. கட்டாயம் வேண்டும். காரை முதுகில் சுமந்து ஹைவேயில் போகிற வண்டிக்கு பிரேக்கும் ஹைட்ராலிக்கும் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது ஆபத்து. லைசென்ஸ் பிரச்சினையை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே தீர்த்துவிட்டது, 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகு ரக வண்டிக்கான எல்.எம்.வி. லைசென்ஸே போதும். நான் கேட்பது பெர்மிட்டும் வாடகை வண்டிக் கணக்கும் இல்லாத, தனிநபர் பெயரில் உறுதிமொழிப் பத்திரத்தோடு தரும் ஒரு வகை. வாடகைக்கு ஓட்டி மாட்டினால் பதிவை ரத்து செய்யுங்கள், விட்ட வரியை அபராதத்தோடு வசூலியுங்கள்.

மத்தியச் சட்டத்தை நீங்கள் திருத்த முடியாது, தெரியும், ஆனால் டில்லிக்குப் பரிந்துரை அனுப்பலாம். வரி உங்கள் மாநிலத்துடையது, அதில் இப்போதே ஏதாவது செய்யலாம். காப்பீட்டு ஆணையம் செய்ய வேண்டியது இன்னும் சுலபம்: பிரைவேட் கேரியர் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கம்பெனிகளுக்கு ஒரு சுற்றறிக்கை.

என் பாலிசி அடுத்த மாதம் முடிகிறது. எந்த வகுப்பில் புதுப்பிக்க வேண்டும் என்று இரண்டு பேரில் யாராவது ஒருவர் எழுத்தில் சொல்லிவிட்டால், கவுன்டரில் அதையே நீட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு வண்டிக்காரன்