பவுண்டுச் சாவியைக் கையில் கொடுத்தவர்களுக்கு

ஊராருக்கு வணக்கமுங்க.

சந்தைப்பேட்டையில் பழைய மாட்டுப் பவுண்டுக்குள் தை மாதத்திலிருந்து பொழுதோட விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே உட்கார்ந்து படிக்கிறவர்கள் நம் தறிக்குடிப் பிள்ளைகள்தான். அந்தப் படிப்பகத்தில் விளக்கு எரிவதற்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். யார் பெயரும் போடக் கூடாது என்று பாதிப்பேர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

பல்லடம் பக்கத்து ஊர்களில் விசைத்தறி இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரண்ட் இருந்தால் தறிச் சத்தம், கரண்ட் போனால் இருட்டு. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை எப்போது படிக்கும்? என் மகன் பத்தாம் வகுப்புக்குக் கோயில் மண்டபத்தில் போய்ப் படித்தான். ஒன்பது மணிக்கு நடை சாத்தினால் எழுந்து வந்துவிட வேண்டும்.

பவுண்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அடுத்தவன் காட்டில் மேய்ந்த மாட்டைப் பிடித்து வந்து அடைக்கிற இடம். வெள்ளைக்காரன் 1871லேயே இதற்கென்று சட்டம் போட்டான். தண்டம் கட்டினால் மாடு வீட்டுக்குப் போகும், கேட்பாரில்லாத மாடு ஏலத்துக்குப் போகும். நம் ஊர்ப் பவுண்டில் கடைசியாக மாடு அடைத்து முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். அதற்கப்புறம் சீமைக்கருவேல முள்ளும் பாம்பும் காலி பாட்டிலும்தான். சரி, சும்மா கிடக்கிற இடம்தானே, பிள்ளைகள் படிக்கப் பேரூராட்சியில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தோம்.

எழுதிக் கேட்க ஒரு சங்கம் வேண்டும் என்றார்கள். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர். ஆறு பேர் உடனே சேர்ந்துவிட்டோம். ஏழாவதாக வரச் சொன்னால் ஆளாளுக்கு, "கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?" என்று பின்வாங்கினார்கள். சந்தையில் தக்காளி விற்கிற அக்கா, "என்னைச் சேத்துக்கோ கண்ணு" என்று வந்தார். அவருக்குக் கைநாட்டுத்தான் பழக்கம். எடைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, வியாபாரத்துக்கு நடுவே தன் பெயரை மூன்று வாரம் எழுதிப் பழகினார். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போன தாளில் மற்ற ஆறு கையெழுத்துகளும் கோணல். அவருடையது மட்டும் அச்சுப் போல இருக்கும். அக்கா, முதல் நன்றி உங்களுக்கு.

முதலில் கொடுத்த மனு ஒரு அலுவலகத்தில் காணாமல் போனது. எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுகிறேன். 2016 அக்டோபருக்கு அப்புறம் பேரூராட்சியில் மன்றமே இல்லை, தனி அலுவலர் நிர்வாகம்தான். தேர்தல் வரட்டும் என்று சொல்லியே நாள் போனது. 2022 பிப்ரவரியில் தேர்தல் முடிந்து, புதிய மன்றம் வந்த பிறகு மறுபடியும் எழுதிக் கொடுத்தோம். எங்கள் வார்டு உறுப்பினர் அந்த மனுவின் நகலைத் தன் வண்டிப் பெட்டியிலேயே வைத்திருந்தார். மழையில் நனைந்து மை ஊறிப்போனாலும் எடுத்து எடுத்துக் காட்டுவார்.

அடுத்து மண் யாருடையது என்று ஒரு சிக்கல். கட்டடம் பேரூராட்சியுடையது, நிலம் வருவாய்த் துறையுடையதாக இருந்தால் மன்றம் எப்படித் தீர்மானம் போடும்? கிராம நிர்வாக அலுவலர் ஐயா மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எந்த நிலம் யாருடையது என்று எழுதியிருக்கிற ‘அ’ பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, புல வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு வெயிலில் வந்து நின்றார். பேரூராட்சி இடம்தான் என்று அன்றைக்குத் தெளிவானது. டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இனி, எதிர்த்தவருக்கு நன்றி. மன்றக் கூட்டத்துக்கு முந்தின நாள் ஒரு பெரியவர் எங்களை நிறுத்திக் கேட்டார். "இன்னிக்கு நீங்க நல்லவங்க. நாளைக்கு உங்க சங்கத்துல சண்டை வந்து எவனாச்சும் கடை வெச்சுட்டா என்னுங்க பண்ணுவீங்க?" அன்று எனக்கு அவர் மேல் கோபம்தான். இரவு யோசித்தால் அவர் கேட்டதில் தப்பில்லை. செயல் அலுவலரிடம் சொல்லி, அவர் கேட்டதையெல்லாம் நிபந்தனையாகவே எழுத வைத்தோம். இடம் என்றைக்கும் பேரூராட்சியுடையது. உள்வாடகைக்கு விடக் கூடாது. கேட்காமல் சுவர் எழுப்பக் கூடாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மன்றம் பார்த்து நீட்டிக்க வேண்டும். சங்கம் கலைந்தால் மறுநாளே சாவி திரும்பிவிட வேண்டும். இவ்வளவும் இருந்ததால்தான் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அப்புச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் அந்தத் தாளில் இருக்கிறது.

கிளாஸ்கோவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி போனில் சொன்னாள். ஸ்காட்லாந்தில் 2015ல் ஒரு சட்டம் வந்திருக்கிறதாம். ஊர்க்காரர்கள் அமைப்பாகச் சேர்ந்து அரசு இடத்தைக் கேட்டால், தக்க காரணம் இல்லாமல் மறுக்க முடியாதாம். இங்கே நாங்கள் மனுவும் கையுமாகத்தான் நடந்தோம். கேட்க ஆசையாகத்தான் இருந்தது.

வேலை செய்தவர்கள் பட்டியல் நீளம். முள் எடுக்கப் பொக்லைன் அனுப்பி டீசல் காசு மட்டும் வாங்கிய தம்பி, பனஞ்சட்டம் மாற்றிக் கொடுத்த ஆசாரி அண்ணன், ஓடு கொடுத்துவிட்டு வந்து பார்க்கவே பார்க்காத பெரியம்மா. வயரிங் செய்த பையன் அதே வீதியில் தறி ஓட்டுகிறவன்தான், இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வருவான். அங்கே ஆடு கட்டிக்கொண்டிருந்த அண்ணன், சொன்ன மறுநாளே அவிழ்த்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அவர் மகள்தான் இப்போது முதலில் வந்து கூட்டிப் பெருக்குகிறாள்.

கொத்தனார் அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உள்சுவரில் கரிக்கோடுகள் இருக்கின்றன, ஐந்தைந்தாக. அடைத்த மாட்டுக் கணக்கு. சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த ஒரு முழ இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்தார், யாரும் சொல்லாமலே. வாசல் கல்தொட்டியையும் உடைக்க விடவில்லை. பிள்ளைகள் அதில் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள்.

கழிப்பறைக்கு இன்னும் கதவு இல்லை. இப்போதைக்குச் சாக்குப் படுதாதான் தொங்குகிறது, பெரிய பெண்பிள்ளைகள் அதனாலேயே எட்டு மணிக்குள் கிளம்பிவிடுகிறார்கள். பழைய கதவு எங்காவது கிடந்தால் சொல்லுங்கள், ஆசாரி அண்ணன் அறுத்து மாட்டித் தருகிறேன் என்றிருக்கிறார். சாவி ஒன்று என்னிடம், இன்னொன்று தக்காளிக் கடையில்.

இப்படிக்கு,
படிப்பகச் சாவிக்காரி