நோயாளிக்கு உதவித்தொகை உண்டு, துணைக்கு வருபவருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டயாலிசிஸ் மையங்களின் பற்றாக்குறை குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நோயாளிகளின் சிரமத்தை விரிவாக எழுதிய கட்டுரையாளர், அவர்களுடன் வந்து மையத்தின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கணவனோ மனைவியோ இழக்கும் அன்றைய கூலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் டைம் ஆபீஸில் நெடுங்காலம் வருகைப் பதிவேடு பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இங்கே கணவன் மோட்டார் மெஷினில் தைக்கும் பவர் டேபிள் டெய்லர், மனைவி தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் என்று இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். காலை எட்டரைக்கு நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். வாடகையும் பள்ளிக் கட்டணமும் இரண்டு பேருடைய ஒன்றரை ஷிப்டையும் நம்பித்தான் ஓடுகின்றன. கணவனுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டால், போக்குவரத்தும் காத்திருப்பும் சேர்ந்து அந்த மூன்று நாட்களும் இருவருக்குமே போய்விடுகின்றன.

நோயாளியைத் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. ஓரளவு தாங்குகிறது. ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதமும், சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதமாக இரண்டு ஆண்டுகள் வரையும் உதவித்தொகை உண்டு. (இரண்டாண்டு தொடர்ந்த பணி வேண்டும் என்ற நிபந்தனையில், கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது ஆளாகப் பதிவாகும் டெய்லர்கள் அடிபட்டுப்போவது தனிக்கதை.) ஆனால் துணைக்கு வரும் மனைவிக்கு ஒரு ரூபாயும் கிடையாது. அவருக்கே உடம்புக்கு வந்தால் உதவித்தொகை பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு (கூலியில் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கும் தொகை) இருக்க வேண்டும். வாரத்தின் ஆறு வேலை நாட்களில் மூன்றை டயாலிசிஸுக்குக் கொடுத்துவிட்டால், மிஞ்சும் மூன்று நாள் 26 வாரத்துக்குச் சரியாக 78 வருகிறது. இடையில் ஒரு நாள் ஆர்டர் இல்லை என்று கம்பெனி மூடினாலும் கணக்கு விழுந்துவிடும்.

பதிவேட்டில் நான் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனைவிக்கு நோய் என்றால் கணவன் பெயருக்கு நேரே ஆப்சென்ட் அதிகம் விழாது. ஊரிலிருந்து மாமியார் வந்துவிடுவார், அல்லது மூத்த மகள் படிப்பை நிறுத்திவிடுவாள். கணவனுக்கு நோய் என்றால் சில மாதங்களில் மனைவியின் பெயரே பதிவேட்டிலிருந்து போய்விடும். அவர் வீட்டில் உட்கார்ந்து, தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டத் தொடங்கியிருப்பார். அந்த வேலையில் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. கணவனின் வேலையும் உதவித்தொகைக் காலமும் முடிந்த பிறகு, வாழ்க்கைத்துணை என்ற முறையில் அவருடைய சிகிச்சையைத் தொடரச் செய்யக்கூடியது மனைவியின் இ.எஸ்.ஐ. அட்டைதான். கணவனைக் கவனிப்பதற்காக அவர் விட்ட வேலையோடு அந்த வழியும் அடைபட்டுப்போகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வரம்பை, இருவரும் உழைத்துக்கொண்டிருந்த குடும்பம் எப்போதோ தாண்டியிருக்கும்.

ஜப்பானில் நோயுற்ற வாழ்க்கைத்துணையைக் கவனிக்க 93 நாள் வரை விடுப்பும், வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து கூலியில் 67 சதவீதமும் தருகிறார்கள். டயாலிசிஸ் போல முடிவில்லாமல் நீளும் சிகிச்சைக்கு 93 நாள் எந்த மூலைக்கு என்பதால், அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும், துணைக்கு வரும் காப்பீட்டுதாரருக்குப் பாதிக் கூலியை இ.எஸ்.ஐ. தர வேண்டும், அந்த நாட்களைப் பங்களிப்பு நாட்களாகவும் கணக்கில் கொள்ள வேண்டும். இதற்குப் புதிய சான்றிதழோ அலைச்சலோ தேவையில்லை. நோயாளியின் பெயரை ஒவ்வொரு முறையும் எழுதும் டயாலிசிஸ் மையத்தின் பதிவேட்டில், உடன் வந்தவரின் காப்பீட்டு எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.