சென்ற ஆண்டுப் பட்டியல் எங்கே?

ஆசிரியருக்கு,

வணக்கம். அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையையொட்டி, எங்களைப் போன்ற மகளிர் சுய உதவிக் குழுக்கள் கிராம வறுமைக் குறைப்புத் திட்டத்தைத் தயாரிக்கும் பணி மீண்டும் தொடங்கியிருக்கிறது. யாருக்கு ஓய்வூதியம் வரவில்லை, யாரிடம் குடும்ப அட்டை இல்லை, கறவை மாடு வாங்க யாருக்குக் கடன் வேண்டும், எந்தத் தெருவில் வடிகால் இல்லை என்று குழுவாரியாகக் கேட்டு எழுதி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் தொகுத்து, கிராம சபையில் வைக்கிறோம். ஊராட்சியின் ஆண்டு வளர்ச்சித் திட்டத்தில் இது இணைய வேண்டும் என்பதே தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் ஏற்பாடு. ஏழ்மையை அனுபவிப்பவர்களையே திட்டமிட அழைக்கும் இந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் சென்ற வாரம் எங்கள் குழுக் கூட்டத்தில், கணவரை இழந்த ஓர் அம்மா, ஓய்வூதியத்துக்காக மூன்றாவது ஆண்டாகத் தன் பெயரைச் சொல்லிவிட்டு, "போன வருசம் எழுதினது எங்கம்மா போச்சு?" என்று கேட்டார். நோட்டில் அவர் பெயர் இருந்தது. அதற்கு எதிரே எழுத எங்களிடம் எதுவும் இல்லை.

பட்டியல் முழுவதும் கிராம சபையில் ஒரே தீர்மானமாக ஏற்கப்பட்டுவிடுகிறது. வடிகாலும் தெருவிளக்கும் ஊராட்சியின் கையில் இருப்பதால் அவற்றில் சில வேலைகளாவது நடக்கின்றன. ஓய்வூதியமோ வட்டாட்சியர் அலுவலகத்தின் பொறுப்பு, கடன் வங்கியின் பொறுப்பு. அந்த இடங்களுக்கு எங்கள் பட்டியலை யார், எந்தத் தேதிக்குள் கொண்டுசேர்த்தார்கள் என்பது எங்களுக்குத் தெரிவதேயில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஊராட்சித் திட்டம் 'இ-கிராம் ஸ்வராஜ்' என்ற அரசு இணையதளத்தில் கிடைக்கும் என்கிறார்கள். பட்டன் போன் வைத்திருக்கும் அந்த அம்மாவுக்கு அதனால் என்ன பயன்?

பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்குமான திட்டமிடலில் ஊராட்சிகளுக்கு இடமளித்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், மக்களின் பங்கேற்பு கேட்டு எழுதிக்கொள்வதோடு நின்றுவிடுவது வேதனை தருகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒப்புகை எண் வழங்கி, உரிய அலுவலகத்துக்கு எழுத்துமூலம் அனுப்பி, ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, மறுக்கப்பட்டால் காரணம் என்ன என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால், விடுபட்ட சான்றிதழை இணைக்கவோ மேல்முறையீடு செய்யவோ எங்களாலேயே முடியும். இதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை.

தமிழகத்தில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரும் கூட்டத்தில் புதிய பட்டியலைப் பெறுவதற்கு முன், சென்ற ஆண்டுப் பட்டியலை வரிவரியாக வாசித்துப் பதில் சொல்ல வேண்டும் என மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிடுமாறு தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மகளிர் குழுக் கூட்டமைப்பின் செயலர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.