எல்லையில் இருக்கும் தம்பிக்கு அம்மா எழுதுவது

தம்பி,

போனில் நீ "வீட்டில எல்லாம் சரிதானே" என்று கேட்பதும், உன் பெண்டாட்டி "சரிதான்" என்பதும் என் காதிலும் விழுகிறது. சரியாக ஒன்றும் இல்லை. போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி, ராத்திரி கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்துத் தொண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான். நான் முட்டிவலியோடு கூட உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இப்போது பிள்ளை நன்றாக விளையாடுகிறது, பதறாதே. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள். காவல் நிற்கிறவருக்கு வீட்டுக் கவலை எதற்கு என்கிறாள்.

நானும் இப்படி இருந்தவள்தான். 1999-ல் கார்கில் சண்டை நடந்தபோது உன் அப்பா அங்கே. 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முகவரி போட்டு இன்லண்டு லெட்டர் எழுதுவேன். ஊருணி வற்றியதையோ, உன் தாத்தா படுக்கையில் கிடந்ததையோ ஒரு வரி எழுதியதில்லை. டிவியில் செய்தி போட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன், அன்றைக்கு யார் பெயரைச் சொல்வார்களோ என்று.

நம்ம மாவட்டத்துக் கடுக்கலூர்க்காரர் ஹவில்தார் பழனி, 2020 ஜூனில் லடாக் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிர்விட்ட நம் வீரர்கள் 20 பேரில் ஒருவர். அவருடைய வீர் சக்ரா பதக்கத்தை மறு வருஷம் டெல்லியில் குடியரசுத் தலைவர் கையால் வாங்கியது அவர் மனைவி. அதை டிவியில் காட்டினார்கள். அப்புறம் ஊருக்கு வந்து பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பதை யார் காட்டப்போகிறார்கள்? மேடையில் தியாகம் தியாகம் என்று பேசி சால்வை போர்த்துகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தைப் பட்டாளத்துப் பதிவில் ஏற்றப் பார்ட் டூ ஆர்டர் போட்டாய், பாப்பா பிறந்ததற்குப் போட்டாயா? சம்பளக் கணக்கில் அவள் பெயரையும் சேர்த்து ஜாயின்ட் அக்கவுன்ட் ஆக்கு. இன்சூரன்ஸ், பி.எப். எல்லாவற்றிலும் நாமினி யார் என்று ஒருதடவை பார்த்து, அந்தக் காகிதங்களின் நகலை அவள் கையில் கொடு. இதையெல்லாம் அவள் வாயைத் திறந்து கேட்கமாட்டாள், கேட்டால் அபசகுனம் என்று நினைப்பாள். பெற்றவள் நான் கேட்கலாம்.

இன்னொன்று. அவள் டீச்சர் வேலைக்கான டெட் தகுதிப் பரீட்சை எழுத ஆசைப்படுகிறாள். பிள்ளையை யார் பார்ப்பது என்று நீ ஏதோ சொன்னாயாம். நான் எதற்கு இருக்கிறேன்? இந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, பணம் கட்டச் சொல்லி நீயே அவளிடம் சொல்லிவிடு.

அம்மா