செயலாளர் ஆண்டறிக்கை: ஆம்ஸ்ட்ராங் மைதானமும் நம் சங்கமும்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொங்கல், சித்திரைத் திருநாள், தீபாவளி மூன்றும் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. தமிழ்ப் பள்ளியைப் பற்றி அதன் பொறுப்பாளர் பேசுவார். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனவே இந்த ஆண்டு நாம் புதிதாகத் தொடங்கிய ஒன்றைப் பற்றியே அதிகம் சொல்கிறேன். இந்தியானா பல்கலைக்கழகத்தின் பில் ஆம்ஸ்ட்ராங் கால்பந்து மைதானத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்வர ஆரம்பித்திருக்கிறோம்.

ப்ளூமிங்டனில் பல வருடம் இருந்தும், நம்மில் பலருக்குக் கூடைப்பந்து அரங்கம் தெரியும், இந்த மைதானம் தெரியாது. 1981இல் திறந்தது. சுமார் 6,500 பேர் உட்காரலாம். சின்ன மைதானம் என்பதுதான் எனக்கு அதில் பிடித்ததே. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும், கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களை அதட்டுவதும் கேலரி வரை கேட்கின்றன. தொலைக்காட்சியில் பந்தை மட்டுமே பார்த்துப் பழகிய நம் பிள்ளைகள், பந்து இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று இங்கேதான் கவனிக்கத் தொடங்கினார்கள்.

ஆடுகளத்துக்குப் பல்கலைக்கழக ஆண்கள் அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஜெர்ரி யேக்லி பெயரை வைத்திருக்கிறார்கள். வெறும் கிளப் அணியாக இருந்ததை 1973இல் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியாக உயர்த்தியவர் அவர். 2003இல் ஓய்வு பெறும்போது ஆறாவது தேசியக் கோப்பையையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இன்று அணியிடம் எட்டுக் கோப்பைகள். எட்டாவது, 2012இல் அவர் மகன் டாட் யேக்லியின் பயிற்சியில் வந்தது. அதன் பிறகு 2017, 2020, 2022 பருவங்களில் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. 2022இல் பெனால்டியில் போனது இன்னும் ஊர்க்காரர்களுக்கு ஆறவில்லை.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு விஷயம்: கல்லூரி ஆட்டத்தில் மாற்று ஆளுக்கு இடம் விட்டு வெளியே போன ஆட்டக்காரர் சில நிபந்தனைகளோடு மறுபடி உள்ளே வரலாம். உலகக் கோப்பை பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் இது குழப்பமாகத்தான் இருக்கும்.

ஏப்ரலில் இதே மைதானம் வேறு ஆளாகிவிடுகிறது. ஆடுகளத்தைச் சுற்றிக் கரித்துகள் பரப்பிய கால் மைல் தடம் இருக்கிறதல்லவா, அதில்தான் 'லிட்டில் 500' சைக்கிள் பந்தயம். 1951இல் ஹவர்ட் வில்காக்ஸ் தொடங்கியது. அவர் அப்பா 1919இல் இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தில் வென்றவர். அங்கே 33 கார்கள், இங்கே 33 அணிகள், அணிக்கு நான்கு பேர். ஆண்களுக்கு 200 சுற்று, அதாவது 50 மைல். 1988 முதல் பெண்களுக்கும் தனியாக 100 சுற்றுப் பந்தயம் நடக்கிறது. கியர் கிடையாது, பெடலைப் பின்னால் மிதித்தால்தான் பிரேக். ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளிலிருந்து ஒருவர் குதிக்க, அதே சைக்கிளில் அடுத்தவர் தாவி ஏறுகிறார். ஏறும்போது கால் தவறினால் அந்தத் துகள் தோலுக்குள் ஏறிவிடும். முழங்கை சிராய்ந்த ஒரு பெண் எழுந்து திரும்பவும் மிதித்தபோது நம் வரிசை முழுக்க எழுந்து நின்றது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவர்களின் கல்விக்குப் பணம் திரட்டத்தான் இந்தப் பந்தயத்தையே ஆரம்பித்தார்கள் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, வசதிகளுக்கு வருகிறேன். கேலரிக்குக் கூரை இல்லை. ஆகஸ்ட் ஆட்டத்துக்குத் தொப்பியும் தண்ணீரும், நவம்பர் ஆட்டத்துக்குக் கம்பளியும் அவசியம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்து வருபவர்கள் பிற்பகல் ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். இரவு ஆட்டங்களில் குளிர் சட்டென்று இறங்கிவிடுகிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் பரிந்துரை இரண்டு. ஆண்கள் ஆட்டத்துக்குப் போன அளவுக்குப் பெண்கள் ஆட்டத்துக்கு நாம் போகவில்லை. நம் பெண் பிள்ளைகளுக்காகவாவது அதைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம், கார் இல்லாத மாணவர்களை அழைத்துவரும் பொறுப்பை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு குடும்பங்கள் ஏற்க வேண்டும். பெயர் எழுதும் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது.

இந்த ஆண்டு சலிக்காமல் வண்டி ஓட்டிய அண்ணன்மாருக்கும், இடைவேளைக்குச் சுண்டல் கட்டிக்கொடுத்த அக்காமாருக்கும் சங்கத்தின் நன்றி. அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்